'நாம்' என்றால் யார்? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அரசியல் மொழியைப் பற்றியே கேட்டிருந்தன. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். முப்பது வருடம் கூட்டங்களில் மினிட்ஸ் எழுதியும், மேடையில் பேசுபவருக்கும் கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் நடுவே நின்று மொழிபெயர்த்தும் பிழைத்தவள் நான். யார் எந்தச் சொல்லை எடுத்தார், அதன் பிறகு அறையில் என்ன நடந்தது என்று பார்த்துக்கொண்டே இருந்தவள் என்ற முறையில்தான் இந்தப் பதில்கள்.

கேள்வி: நல்ல மேடைப் பேச்சுகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். "பேச்சாற்றல்தான் ஜனநாயகத்தைக் கெடுக்கிறது, புள்ளிவிவரம் போதும்" என்கிறான் என் மகன். அவன் சொல்வது சரியா, அம்மா? (ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்)

பதில்: உங்கள் மகன் பாதிதான் சரி, ஐயா. அவரிடம் ஒரு பழைய கதையைச் சொல்லுங்கள்.

கி.மு. 427. பழைய கிரேக்க நகரமான ஏதென்ஸுக்கு எதிராகக் கிளர்ச்சி செய்த மிட்டிலீன் என்ற நகரம் தோற்றுச் சரணடைந்துவிட்டது. ஏதென்ஸ் மக்கள் சபை கூடியது. கோபத்தில் முடிவெடுத்தார்கள்: அந்த ஊரின் வயது வந்த ஆண்கள் எல்லோரையும் கொல்வது, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்குவது. உத்தரவோடு அன்றே கப்பலும் புறப்பட்டுவிட்டது. மறுநாள் மனசு கேட்கவில்லை. ஒரு ஊரையே அழிப்பதா என்று சபையை மறுபடி கூட்டினார்கள்.

முதலில் கிளியோன் பேசினார். பெரிய பேச்சாளர். எடுத்த முடிவை மறுபடி விவாதிப்பதே பலவீனம் என்றார். இதற்கு எதிராகப் பேச வருகிறவர் ஒன்று தன் சாமர்த்தியத்தைக் காட்ட வருகிறார், இல்லையென்றால் காசு வாங்கியிருக்கிறார் என்றார். அடுத்துப் பேசிய டயோடோட்டஸ் இரக்கம் காட்டுங்கள் என்று கெஞ்சவில்லை. அவர் முதலில் பிடித்தது அந்த "காசு வாங்கியவர்" என்ற இடத்தைத்தான். எதிர்க்கருத்து சொல்பவரை எல்லாம் இப்படிச் சந்தேகித்தால், நல்ல யோசனை உள்ளவர்களும் பயந்து வாயை மூடிக்கொள்வார்கள், நஷ்டம் நகரத்துக்குத்தான் என்றார். அப்புறம் கேள்வியையே மாற்றிப் போட்டார். அவர்கள் குற்றவாளிகளா என்பதல்ல இப்போது பேச்சு, அவர்களைக் கொல்வதால் நமக்கு என்ன ஆகும் என்பதுதான் என்றார். சரணடைந்தாலும் சாவு நிச்சயம் என்றால், இனி கிளர்ச்சி செய்யும் எந்த ஊர் சரணடையும் என்று கேட்டார்.

கை தூக்கியபோது கிட்டத்தட்ட சமமாக வந்தது. மயிரிழையில் டயோடோட்டஸ் பக்கம் ஜெயித்தது. இரண்டாவது கப்பலை அனுப்பினார்கள். முதல் கப்பல் ஒரு பகலும் இரவும் முன்னே போயிருந்தது. துடுப்புப் போட்டவர்கள் நிறுத்தாமல், துடுப்புப் போட்டபடியே சாப்பிட்டு, முறை வைத்துத் தூங்கிப் போனார்கள். அங்கே தளபதி முதல் உத்தரவைப் படித்து முடித்து, நிறைவேற்றப் போகும் நேரத்தில் இந்தக் கப்பல் போய்ச் சேர்ந்தது. (கிளர்ச்சிக்குக் காரணமென்று பிடித்தவர்களைப் பிறகு கொன்றார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊர் பிழைத்தது, எல்லோரும் பிழைக்கவில்லை.)

இரண்டு பேச்சுகளையும் வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் தன் நடையில் எழுதி வைத்திருக்கிறார். இரண்டிலும் பேச்சாற்றல் இருக்கிறது. கிளியோனிடம் பொறி பறக்கிறது. வித்தியாசம் வேறிடத்தில். எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தாலே குற்றவாளி ஆகிவிடும்படி கிளியோன் பேசுகிறார். டயோடோட்டஸ் தன் பேச்சுக்குப் பதில் சொல்ல வழி விட்டுப் பேசுகிறார். "இல்லை, கொன்றால்தான் மற்ற ஊர்கள் பயப்படும்" என்று ஒருவர் எழுந்து சொல்லலாம். சொன்னால் அதை ஆராயலாம். ஒரு பேச்சைக் கேட்டால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: இதற்கு மறுப்பு சொல்ல நினைப்பவர் தன் மானத்தை இழக்காமல் எழுந்து நிற்க முடியுமா?

புள்ளிவிவரம் மட்டும் போதாது என்பதற்கும் இதே கதைதான். அன்று சபையில் யாருக்கும் தகவல் குறைவில்லை.

கேள்வி: "துரோகி" என்ற சொல்லை அரசியலில் தடை செய்தால் என்ன? (கோபமான வாசகர்)

பதில்: தடை வேண்டாம். துரோகம் என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது, அதைச் சொல்ல ஒரு சொல் வேண்டும். ஆனால் "இன்ன நாளில் இன்ன காரியத்தைச் செய்தார், அதனால் துரோகி" என்று சொல்பவருக்கும், "என்னோடு ஒத்துப்போகவில்லை, அதனால் துரோகி" என்று சொல்பவருக்கும் வித்தியாசம் பாருங்கள். முதலாமவரிடம் "அவர் அதைச் செய்யவில்லை" என்று வாதாட முடியும்.

மிட்டிலீன் விவாதம் நடந்த அதே வருடம் கார்சைரா தீவில் உள்நாட்டுச் சண்டை மூண்டது. அங்கே சொற்களின் பொருளே புரண்டுபோனதையும் துசிடிடிஸ்தான் எழுதியிருக்கிறார். முன்யோசனை இல்லாத முரட்டுத்தனத்துக்கு வீரம் என்று பெயர் வந்தது. யோசித்துச் செய்வோம் என்பது கோழைத்தனம் ஆயிற்று. ஒரு விஷயத்தின் எல்லாப் பக்கத்தையும் பார்ப்பவன் ஒன்றுக்கும் உதவாதவன் ஆனான். அந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

கேள்வி: அரசியல் தலைவர்கள் ஆங்கிலத்தில் 'வீ' (we) என்று சொல்வதில் ஏமாற்று இருக்கிறது என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். தமிழில் அந்தப் பிரச்சினை இல்லை, இல்லையா? (கல்லூரி மாணவி)

பதில்: உங்கள் கேள்வியைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன், அம்மா. இது என் தொழிலில் என்னைத் தூங்கவிடாத விஷயம்.

தமிழில் 'நாம்' என்றால் கேட்பவரும் சேர்த்தி. 'நாங்கள்' என்றால் கேட்பவர் சேர்த்தியில்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். அதனால் ஆங்கிலத்தில் பேசுபவர் யாரைச் சேர்க்கிறார், யாரை விடுகிறார் என்பதைச் சொல்லாமலே பேசி முடித்துவிடலாம். தமிழில் மொழிபெயர்ப்பவள் அங்கேயே, அந்த நொடியிலேயே, முடிவெடுத்தாக வேண்டும்.

ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம். சாலையை அகலப்படுத்துவதற்காக வீடுகளை எடுக்கப்போகிறார்கள். அதிகாரி ஆங்கிலத்தில் பேசுகிறார், நான் பக்கத்தில் நின்று தமிழில் சொல்கிறேன். "வளர்ச்சி வேண்டுமென்றால் 'வீ' சில சிரமங்களைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்" என்றார் அவர். எனக்கு யோசிக்க நேரமில்லை. "நாம் சில சிரமங்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்" என்று சொல்லிவிட்டேன். மூன்றாவது வரிசையில் ஒரு பாட்டி எழுந்தார். கையில் மடித்த நோட்டீஸ். "நாம்னா யாருங்கய்யா? உங்க வீடும் போகுதா?" என்று கேட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி என்னைப் பார்த்தார். பாட்டி கேட்டதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இல்லை, என் வீடு போகவில்லை" என்றார். அவர் நல்ல மனிதர், அதை ஒப்புக்கொண்டதற்காக இன்றும் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. அதற்குப் பிறகுதான் அந்தக் கூட்டம் கூட்டமாக நடந்தது. எத்தனை வீடு, யாருக்கு எங்கே மாற்று இடம், பட்டா இல்லாதவர்களுக்கு என்ன என்று கேள்விகள் வந்தன. அதுவரை "திட்டத்தால் பாதிக்கப்படும் நபர்கள்" என்று காகிதத்தில் இருந்தவர்கள், பெயர் சொல்லிப் பேச ஆரம்பித்தார்கள்.

அதனால் உங்கள் கேள்விக்குப் பதில்: தமிழில் அந்தப் பிரச்சினை இல்லை என்று சொல்ல முடியாது. இலக்கணம் நமக்கு இரண்டு சொற்களைக் கொடுத்திருக்கிறது, ஆனால் மேடையில் இரண்டும் பேசுபவரின் வசதிக்கு ஏற்பத்தான் ஒலிக்கின்றன. தியாகம் செய்ய வேண்டிய இடத்தில் 'நாம்', பெருமை வாங்க வேண்டிய இடத்தில் 'நாங்கள்'. அடுத்த தடவை ஒரு உரையைக் கேட்கும்போது ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு இந்த இரண்டையும் எண்ணிப் பாருங்கள். பாட்டியின் கேள்வியையும் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அரசியல்வாதிகள் ஏன் "தவறு நடந்துவிட்டது" என்றே சொல்கிறார்கள்? "தவறு செய்துவிட்டேன்" என்று ஏன் வருவதில்லை? (வங்கி ஊழியர்)

பதில்: பள்ளியில் தன்வினை, பிறவினை படித்திருப்பீர்கள். கண்ணாடி உடைந்தது, கண்ணாடியை உடைத்தான். பணம் செலவானது; பணத்தைச் செலவழித்தார்கள். முதல் வகை வாக்கியத்தில் ஆளே கிடையாது. காற்றடித்துக் கண்ணாடி உடைந்ததைச் சொல்ல அது வேண்டியதுதான். ஆனால் கல்லெறிந்தவர் அப்படிச் சொன்னால், யாரிடம் கேள்வி கேட்பது?

ஒரே மனிதர் இரண்டு விதமாகவும் பேசியதற்கு அமெரிக்க அதிபராக இருந்த ரொனால்ட் ரீகன் உதாரணம். அமெரிக்கா ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்றது வெளியே வந்திருந்த சமயம். 1987 ஜனவரி 27 அன்று நாடாளுமன்றத்தில் ஆற்றிய ஆண்டு உரையில், பெரிய தவறுகள் நேர்ந்துவிட்டன என்ற பாணியில் சொன்னார். யார் செய்தது என்று அந்த வாக்கியத்தில் இல்லை. மார்ச் 4 அன்று மறுபடி மக்களிடம் பேசினார். பிணைக்கைதிகளாகப் பிடிபட்ட அமெரிக்கர்களை விடுவிக்க ஆயுதம் கொடுக்கவில்லை என்று நான் உங்களிடம் சொன்னேன், அது உண்மை என்றே என் மனசு இன்னும் சொல்கிறது, ஆனால் ஆதாரங்கள் அப்படியில்லை என்கின்றன என்று ஒப்புக்கொண்டார். அதை நம்பலாமா கூடாதா என்பது வேறு. ஆனால் அந்த இரண்டாவது உரையில் 'நான்' இருக்கிறது, சொன்ன சொல் இருக்கிறது, அதற்கு எதிரான ஆதாரம் இருக்கிறது. அதன்மேல் மக்கள் விவாதம் செய்யலாம். முதல் உரையின் அந்த வாக்கியத்தின்மேல் செய்ய முடியாது, பிடிக்க ஒரு நுனியும் இல்லை.

மினிட்ஸ் எழுதும்போது நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். "முடிவு செய்யப்பட்டது" என்று யாராவது எழுதச் சொன்னால், "யார் முடிவு செய்தார்கள் என்று போடட்டும்?" என்று கேட்பேன். பாதி நேரம் அறையில் பதில் இருக்காது.

கேள்வி: கருத்துக்கணிப்புகளை நம்பலாமா? (பெயர் வெளியிட விரும்பாதவர்)

பதில்: கேட்ட கேள்வியை முழுசாகப் போட்டால் பாருங்கள், போடாவிட்டால் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள்.

அமெரிக்காவில் டொனால்ட் ரக் என்பவர் 1941-ல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். ஜனநாயகத்துக்கு எதிரான பொதுப் பேச்சுகளைத் தடை செய்ய வேண்டுமா என்று ஒரு பிரிவினரிடம் கேட்டார்கள். 46 சதவீதம் பேர் தடை செய்ய வேண்டும் என்றார்கள். அனுமதிக்க வேண்டுமா என்று இன்னொரு பிரிவினரிடம் கேட்டார்கள். 62 சதவீதம் பேர் அனுமதிக்கக் கூடாது என்றார்கள். தடை செய்வதும் அனுமதிக்காமல் இருப்பதும் ஒன்றுதானே! ஆனால் 'தடை' என்ற சொல் கையைச் சுடுகிறது, பலர் பின்வாங்குகிறார்கள்.

பொது வாக்கெடுப்பில் இது இன்னும் பெரிய விஷயம், ஏனென்றால் அங்கே பதிலை வைத்து ஒரு நாட்டின் போக்கையே முடிவு செய்யப் பார்க்கிறார்கள். ஸ்காட்லாந்து அரசு 2012-ல் முன்வைத்த கேள்வி: "ஸ்காட்லாந்து சுதந்திர நாடாக வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா?" தேர்தல் ஆணையம் அதை மக்களிடம் சோதித்துப் பார்த்து, 'ஒப்புக்கொள்கிறீர்களா' என்பது ஆமாம் என்ற பக்கம் சாய்க்கிறது என்றது. அதை எடுத்துவிட்டு, "ஸ்காட்லாந்து சுதந்திர நாடாக வேண்டுமா?" என்று நேராகக் கேட்டார்கள். 2014 செப்டம்பர் 18 அன்று 84.6 சதவீதம் பேர் வாக்களித்தார்கள், 55.3 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். தோற்றவர்களுக்கு வருத்தம் இருந்திருக்கும். ஆனால் என்ன கேட்டார்கள் என்பதில் குழப்பம் இல்லை.

கடனில் மூழ்கியிருந்த கிரேக்க நாட்டில் 2015 ஜூலை 5 அன்று நடந்த வாக்கெடுப்பையும் பாருங்கள். கடன் கொடுத்தவர்கள் ஜூன் 25 அன்று கொடுத்த இரண்டு ஆவணங்களின் தலைப்பை வாக்குச்சீட்டில் அச்சடித்து, இந்த உடன்படிக்கை வரைவை ஏற்கலாமா என்று கேட்டார்கள். ஒன்று கடன் தாங்கும் திறன் பற்றிய முதற்கட்ட ஆய்வு. வாக்கெடுப்பை அறிவித்ததற்கும் வாக்களித்ததற்கும் நடுவே ஒரு வாரத்துக்குச் சற்றே அதிகம்தான், வங்கிகள் மூடிக்கிடந்தன. 61.3 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அவர்கள் பதில் சொன்னது அந்த ஆவணங்களுக்கு என்று நான் நினைக்கவில்லை. கடன் கொடுத்தவர்கள் முன்னால் பட்ட அவமானத்துக்குப் பதில் சொன்னார்கள். அந்த அவமானத்தைப் பற்றி மக்களிடம் நேராகக் கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

கேள்வி: உணர்ச்சியைக் கிளப்பாத, நடுநிலையான சொற்களில் மட்டும் பேசினால் விவாதம் நன்றாக நடக்கும் அல்லவா? (இளம் வழக்கறிஞர்)

பதில்: இந்த ஒரு விஷயத்தில் என்னால் ஒப்புக்கொள்ளவே முடியாது. ஆறிப்போன சொல் எப்போதும் நடுநிலையான சொல் அல்ல.

1941 ஆகஸ்டில் சர்ச்சில் வானொலியில் பேசும்போது, பெயரில்லாத ஒரு குற்றத்தின் முன்னால் நிற்கிறோம் என்றார். ரஃபேல் லெம்கின் என்ற போலந்து யூத வழக்கறிஞர் அதற்குப் பெயர் வைத்தார். 1944-ல் வந்த தன் நூலில் 'ஜெனசைடு' என்ற சொல்லை உருவாக்கினார். கிரேக்கத்தில் இனம், லத்தீனில் கொலை. நாம் இனப்படுகொலை என்கிறோம். அந்தச் சொல்லைச் சட்டமாக்க அலைந்தார், கடிதம் எழுதினார், தூதர்களைப் பிடித்துவைத்துப் பேசினார். 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. பொதுச்சபை இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையை ஏற்றது. அவருடைய சொந்தக் குடும்பத்தில் பெரும்பாலோர் அதற்கு முன்பே கொல்லப்பட்டுவிட்டார்கள்.

அந்தச் சொல் சூடான சொல்தான். சூடாக இருப்பதால்தான் அதைச் சொன்னவுடன் "அப்படியா, நிரூபி" என்று உலகம் திரும்பிப் பார்க்கிறது. பெயர் இல்லாதவரை விவாதமே இல்லை.

இப்போது மறுபக்கம். 1994-ல் ருவாண்டாவில் ஏறக்குறைய நூறு நாட்களில் எட்டு லட்சம் பேர்வரை கொல்லப்பட்டார்கள் என்பது ஐ.நா. கணக்கு. ஜூன் 10 அன்று, கொலைகள் நடந்துகொண்டிருக்கும்போதே, அமெரிக்க வெளியுறவுத் துறையின் செய்தித் தொடர்பாளர் பத்திரிகையாளர்கள் முன் நின்றார். 'இனப்படுகொலை' என்று சொல்லவில்லை, 'இனப்படுகொலைச் செயல்கள்' நடந்திருக்கின்றன என்றார். ஒரு நிருபர் கேட்டார்: எத்தனை இனப்படுகொலைச் செயல்கள் சேர்ந்தால் ஒரு இனப்படுகொலை ஆகும்? அதற்கு நேரான பதில் வரவில்லை. அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் ஏதாவது செய்தாக வேண்டியிருக்குமே என்ற பயம். 'செயல்கள்' என்ற ஒட்டு அவ்வளவு அமைதியான, நிதானமான சொல். அதன் வேலையே விவாதத்தை நடக்கவிடாமல் செய்வதுதான்.

நீங்கள் வழக்கறிஞர், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சொல் சூடா குளிரா என்று பார்க்காதீர்கள். நடந்ததோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இன்னொரு உறுப்பினரைப் பொய்யர் என்று சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார்களாமே? (பள்ளி மாணவர்)

பதில்: ஆமாம் தம்பி. 2021 ஜூலை 22 அன்று டான் பட்லர் என்ற உறுப்பினர், பிரதமர் மறுபடி மறுபடி பொய் சொல்லியிருக்கிறார் என்று சொன்னார். திரும்பப் பெறச் சொன்னார்கள், மறுத்தார், அன்றைக்கு வெளியே அனுப்பினார்கள்.

அந்த அவையில் ஒருவரை ஒருவர் "நீங்கள்" என்றுகூடச் சொல்லக் கூடாது. எல்லாவற்றையும் அவைத்தலைவரிடம்தான் சொல்ல வேண்டும். இது வெறும் மரியாதை என்று நினைத்தேன். பிறகு கூட்டங்களில் உட்கார்ந்துதான் புரிந்தது: மூன்றாவது ஆளைப் பார்த்துப் பேசினால் குரல் தானாக இறங்கும், எதிராளியை அடிப்பதைவிடக் கேட்பவருக்குப் புரியவைப்பதில் கவனம் போகும். நல்ல ஏற்பாடு. ஆனால் பொய்யைப் பொய் என்று சொன்னவர் வெளியே போய், பொய் சொன்னதாகக் குற்றம்சாட்டப்பட்டவர் உள்ளே இருப்பது எனக்கு உறுத்துகிறது. பொய் என்று சொல்பவர் ஆதாரத்தை வைக்கட்டும், மற்றவர் அதே நாளில் பதில் சொல்லட்டும் என்று விதி இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்பது என் கருத்து.

கேள்வி: முப்பது வருட மினிட்ஸில் நீங்கள் அதிகம் அடித்துத் திருத்திய சொல் எது? (நீண்ட நாள் வாசகி)

பதில்: 'ஒருமனதாக'.

ஆரம்பத்தில் நானும் எழுதிவிடுவேன். தலைவர் "எல்லோருக்கும் சம்மதம்தானே?" என்பார், யாரும் பேசமாட்டார்கள், "ஒருமனதாக நிறைவேறியது" என்று முடித்துவிடுவேன். ஒருமுறை கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா வந்து நின்றார். "நான் கையைத் தூக்கவே இல்லையே, என்னையும் ஏன் சேர்த்தீங்க?" என்றார். எதிர்ப்பா என்று கேட்டேன். எதிர்ப்பும் இல்லை, இன்னும் புரியவில்லை, அவ்வளவுதான் என்றார். பேசியவர் சொன்னதில் பாதிச் சொல் அவருக்குத் தெரியவில்லை, நடுவில் எழுந்து கேட்கக் கூச்சம்.

அன்றிலிருந்து நோட்டில் மூன்று கட்டம் போட்டு எண்ண ஆரம்பித்தேன். அதே தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு மறுபடி வந்தபோது என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: ஆதரவு 11, எதிர்ப்பு 2, கை தூக்காதவர்கள் 9. அந்த ஒன்பது பேருக்காகத் தீர்மானத்தைத் தலைவர் இன்னொரு முறை, எளிய தமிழில், படித்துக் காட்டினார்.